புது டிசையர் வாங்கலாமா? எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்த கணக்கு



பொங்கலுக்குப் போட்ட படங்களில் கோலத்தைப் பார்த்தவர்களைவிடப் பின்னால் நின்ற பழைய காரைப் பார்த்தவர்கள்தான் அதிகம் போல. "டீச்சர், இன்னும் இந்த வண்டியையா ஓட்டுறீங்க?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். "புது டிசையர் நல்லாருக்கு டீச்சர், அதை எடுங்க" என்று சிலர். "இந்தக் காலத்துல செடான் யாரு வாங்குறா அத்தை, எஸ்யூவி எடுங்க" என்று மதுரையிலிருந்து என் அண்ணன் மகன். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. இரண்டு மாதமாக நானும் சாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசியதையும் போட்ட கணக்கையும் இங்கே எழுதிவிடுகிறேன். உங்களில் பலருக்கு என் வயதில் அப்பா அம்மா இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும். பதிவு நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

முதலில் எங்கள் நிலைமை. எனக்கு 64 வயது. போன வருடம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தேன். 55 வயதுக்கு மேல் போனால் ஐந்து ஐந்து வருடமாகத்தான் தருவார்கள், அதுவும் டாக்டர் சான்றிதழோடு. ஆகவே கார் வாங்குவதற்கு முன் நான் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி விலை என்ன என்பதல்ல, இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவேன் என்பதுதான். எட்டு வருடம் என்று வைத்துக்கொண்டேன். கண்ணும் காலும் ஒத்துழைத்தால்.

இப்போது இருப்பது 2013இல் வாங்கிய டிசையர். வருடத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் போல ஓடுகிறது. தென்காசிக்குள் கடை, கோயில், கல்யாண வீடு. மாதம் இரண்டு தடவை சாரைத் திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டப் போவது. சாருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைந்ததிலிருந்து ஸ்டீயரிங் என் கையில்தான். பின் சீட்டில் 86 வயது மாமியார். லீவுக்கு வந்தால் நான்கு வயதுப் பேத்தி.

பிள்ளைகள் இரண்டு பேரும் இரண்டு பக்கம். மகன் பெங்களூரிலிருந்து, "பெரிய வண்டியா எடுங்கம்மா, மாசத் தவணையை நான் கட்டுறேன்" என்கிறான். மகள் கோயம்புத்தூரிலிருந்து, "காரே வேண்டாம்மா. இந்த வயசுல நாலுவழிச் சாலையில நீ ஓட்டுறத நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை. டாக்சி வச்சுக்கோ" என்கிறாள். இரண்டு பேரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். மகள் சொன்னது மனதில் தைத்தது. அதனால் அவள் சொன்னதையும் கணக்கில் ஒரு வரியாகவே எழுதிக்கொண்டேன்.

சரி, புது வண்டியில் என்னதான் மாறியிருக்கிறது?

டிசையர் 2008இல் வந்தபோது ஸ்விஃப்ட் காருக்குப் பின்னால் டிக்கி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அப்போது நீளம் நான்கு மீட்டருக்கு மேல். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். அந்தச் சலுகைக்குள் வருவதற்காக 2012இல் வண்டியின் வாலை நறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நறுக்கின வால்தான் எங்கள் வண்டி. 2017இல் மூன்றாவது தலைமுறை. 2024 நவம்பரில் வந்தது நான்காவது. இன்றும் நீளம் அதே 3,995தான். வரி எப்படியோ வண்டியின் வடிவம் அப்படி. சமூக அறிவியலில் இதைச் சொல்லிக்கொடுக்கப் பாடப்புத்தகத்தில் இடமில்லை.

நீளம் மாறாவிட்டாலும் உள்ளே இடத்தைக் கெட்டிக்காரத்தனமாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் வண்டியின் டிக்கி 316 லிட்டர். புதியதில் 382. மாமியாரின் வாக்கர், பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள், ஊருக்குக் கொடுத்துவிடும் தேங்காய் மூட்டை மூன்றும் ஒன்றாகப் போகும்.

முகம் அடியோடு மாறிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தை ரோட்டில் போகிறவர்கள்தான் பார்ப்பார்கள், நாம் உள்ளே உட்கார்ந்திருப்போம். அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை.

இன்ஜினைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம். பழையதில் நான்கு சிலிண்டர், சுமார் 87 குதிரைத் திறன். புதியதில் மூன்று சிலிண்டர், சுமார் 82. "காசைக் கூட்டி சிலிண்டரைக் குறைச்சுட்டாங்களே டீச்சர்" என்று ஒருவன் எழுதியிருந்தான். நாலு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டால் இடிக்கிற சத்தம் சீராக இருக்கும். மூன்று பேர் போட்டால் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். அதனால்தான் மூன்று சிலிண்டர் வண்டிகளில் மெதுவாகப் போகும்போது லேசான அதிர்வு இருக்கும். அதற்குப் பதிலாக உராய்வு குறைவு, எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். கையால் கியர் போடும் வண்டிக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், ஏஎம்டி வண்டிக்கு 25.71 என்று கம்பெனி சொல்கிறது. அது சோதனைக் கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு, பாவூர்சத்திரம் சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து போகிற நமக்கு 18 என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். நான் அப்படித்தான் வைத்தேன்.

ஏஎம்டி என்றால் என்ன என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அதே பழைய கியர் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு சின்ன இயந்திரக் கை செய்யும். கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடும். விலை கூடிய ஆட்டோமேட்டிக் வண்டிகளின் வழவழப்பு இதில் இருக்காது. ஆனால் இடது முழங்காலுக்கு ஓய்வு. கூட்டத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். 64 வயதில் அதன் அருமை தெரியும்.

இப்போது முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். என் முடிவு இதில்தான் தங்கியிருக்கிறது.

எங்கள் 2013 வண்டியில் ஏர்பேக் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் நடுத்தர ரகத்தில் கொடுக்க மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம். எல்லாப் புதுக் கார்களிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 2019 ஜூலையில்தான். புது டிசையரில் ஆறு ஏர்பேக். நன்றாகக் கவனியுங்கள், விலை குறைந்த எல்எக்ஸ்ஐ ரகத்திலும் ஆறு, விலை கூடிய ரகத்திலும் ஆறு. வண்டி வழுக்கும்போது எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேண்டுமென்று தானே பார்த்துப் பிடிக்கும் ஈஎஸ்சி எல்லா ரகத்திலும் உண்டு. ஐந்து சீட்டுக்கும் தோளிலிருந்து இடுப்புவரை வரும் முழு பெல்ட். எங்கள் வண்டியில் பின் சீட்டின் நடுவில் இடுப்பு வார் மட்டும்தான், பேத்தி பிடிவாதமாக உட்காரும் இடம் அதுதான். புதியதில் குழந்தை இருக்கையை வண்டியின் உடம்போடு மாட்டிப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் இருக்கின்றன.

குளோபல் என்கேப் என்ற அமைப்பு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுப் பார்க்கிறது. வண்டியின் முகம் முழுவதும் அல்ல, ஓட்டுநர் பக்கத்து நாற்பது சதவீதம் மட்டும் மோதும்படி. எதிரே வரும் வண்டியை ஒதுக்கப் போய் இடிப்பது பெரும்பாலும் அப்படித்தானே. 2018இல் முந்தைய தலைமுறை டிசையர் வாங்கியது இரண்டு நட்சத்திரம். 2024இல் புதியது பெரியவர்கள் பாதுகாப்பில் 34க்கு 31.24 எடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதி வண்டிகளில் அங்கே ஐந்து வாங்கியது இதுதான் முதல். குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 39.20, நான்கு நட்சத்திரம். இடையில் 2022இல் கேள்வித்தாளையும் கடினமாக்கிவிட்டார்கள். பக்கவாட்டு மோதல், ஈஎஸ்சி எல்லாம் சேர்ந்தன. ஆகவே பழைய இரண்டையும் புதிய ஐந்தையும் ஒரே தேர்வின் மதிப்பெண்ணாக எடுக்கக் கூடாது. கடினமான தாளில் கூடுதல் மதிப்பெண் என்பதால் உண்மையான முன்னேற்றம் இன்னும் பெரிது. பிறகு நம் நாட்டின் பாரத் என்கேப் தேர்விலும் ஐந்து வாங்கியிருக்கிறது.

எண்ணைச் சொன்னால் போதாது, அர்த்தம் சொல்ல வேண்டும். மோதலில் வண்டியின் முன்பக்கம் நசுங்க வேண்டும், நாம் உட்கார்ந்திருக்கும் கூடு நசுங்கக் கூடாது. தேங்காய் கீழே விழுந்தால் மட்டை அடிவாங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற பருப்பைக் காப்பாற்றுகிற மாதிரி. அந்தக் கூடு உறுதியாக நிற்கிறதா என்பதுதான் தேர்வின் சாரம்.

திருநெல்வேலி தென்காசி ரோட்டை நாலுவழியாக்கியதிலிருந்து எல்லோரும் வேகமாகப் போகிறார்கள். முன்பு நாற்பது ஐம்பதில் ஊர்ந்த இடத்தில் இன்று எண்பது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எட்டாம் வகுப்பில் வர்க்கம் படித்தீர்களே, நாற்பது எண்பதானால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ரோடு மாறிவிட்டது, வண்டி மாறவில்லை. இதுதான் எனக்கு உறுத்தியது.

ஏர்பேக் மட்டும் காப்பாற்றிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ட் போட்டால்தான் ஏர்பேக்குக்கு வேலை. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த வண்டி. அவர் பின் சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. புது டிசையரில் பின் சீட்டுக்காரர் பெல்ட் போடாவிட்டாலும் வண்டி கத்தும். எங்கள் அத்தைக்கு அது பிடிக்கப் போவதில்லை.

அடுத்து உட்கார்ந்து பார்ப்பது. ஷோரூமுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகவில்லை, அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். யார் ஏறப்போகிறார்களோ அவர்களை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் வண்டி முடிவு செய்யாதீர்கள். செடானில் சீட் தாழ்வு. உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். அத்தை கதவு விளிம்பைப் பிடித்து இரண்டாவது முயற்சியில் எழுந்தார்கள். பிறகு உயரமான ஒரு வண்டியிலும் ஏற்றிப் பார்த்தோம். அதில் இறங்குவது நன்றாக இருந்தது, ஏறத்தான் காலைத் தூக்க முடியவில்லை. நடுத்தர உயரமுள்ள ஹேட்ச்பேக் ஒன்றில் இரண்டும் சுமாராக இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த ஒரு பாடத்தில் டிசையருக்கு நான் போட்ட மதிப்பெண் நூற்றுக்கு ஐம்பது. முழங்கால் தேய்ந்தவர்கள் தினமும் ஏறி இறங்குகிற வீடானால் இந்தக் காரணத்துக்காகவே வேறு வண்டி பார்க்கலாம். எங்கள் அத்தை மாதம் ஒரு தடவைதான் வெளியே வருகிறார்கள். ஒரு குட்டித் தலையணை போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இனிக் கணக்கு. நோட்டை எடுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 28உடன் செஸ் 1, ஆக 29. நூறு ரூபாய்ப் பொருள் 129க்கு விற்றது 118 ஆனது. 129இல் 11 குறைந்தால் எட்டரை சதவீதம். "பதினொரு சதவீதம் தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் கணக்குத் தெரியாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறைப்பில் ஆரம்ப ரகமான எல்எக்ஸ்ஐயின் ஷோரூம் விலை ஏறக்குறைய ஆறே கால் லட்சத்துக்கு வந்தது. நான் பார்த்த விஎக்ஸ்ஐ ஏஎம்டி ஏழரை லட்சத்துக்குச் சற்று மேல். நம் மாநிலத்தில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18. எனவே பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் இருபதாயிரத்துக்கு அலங்காரம் கூட்டப் போய், ஐம்பதாயிரம் வரி கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து எங்களுக்கு ரோட்டில் இறங்கும்போது ஒன்பது லட்சம்.

ஒன்பது லட்சத்துக்குப் புதிது எடுத்து எட்டு வருடம் ஓட்டி மூன்று லட்சத்துக்கு விற்றால், வருடத்துக்குத் தேய்மானம் 75,000. அந்தப் பணம் வங்கியில் இருந்தால் 7 சதவீதத்தில் வட்டி 63,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் 30,000. பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், 36,000. கூட்டினால் 2,04,000.

டாக்சி என்றால் 6,500 கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வீதம் 91,000. காத்திருப்பு, பேட்டா, ஊருக்குள் ஆட்டோ 25,000. ஆக 1,16,000.

பழைய வண்டியையே ஓட்டினால் பெட்ரோல் 43,000, இன்சூரன்ஸும் ரிப்பேரும் 40,000. ஆக 83,000.

பார்த்தீர்களா? பணக் கணக்கில் புது வண்டி கடைசி. பழையதைவிட வருடத்துக்கு 1,21,000 கூட, அதாவது மாதம் பத்தாயிரம். மைலேஜ் மிச்சம் என்று சொல்லிப் புதுக் கார் விற்பார்கள். என் ஓட்டத்துக்கு அந்த மிச்சம் வருடம் ஏழாயிரம் ரூபாய். அதற்காக ஒன்பது லட்சம் போடுகிறவர் வட்டிக் கணக்கில் தோற்பார். சிஎன்ஜியும் இப்படித்தான். தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு லாபம். எனக்கு டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் அடைப்பதுதான் மிச்சம்.

அப்படியானால் மாதம் பத்தாயிரம் கொடுத்து எதை வாங்குகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பணமும் சும்மா கிடக்கிற பணமில்லை. ஓய்வு பெற்றபோது வந்ததில் மருத்துவத்துக்கென்று பிரித்ததைத் தொடுவதில்லை என்று நானும் சாரும் பேசி வைத்திருக்கிறோம். மீதியில் ஒன்பது போனால் நான்கு லட்சம்தான் கையில் நிற்கும்.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்குச் சாருக்குச் சிறுநீரகக் கல் வலி. சுருண்டு விழுந்துவிட்டார். வழக்கமாக வரும் டாக்சிக்காரர்கள் இரண்டு பேரும் போன் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்களும் தூங்கத்தானே செய்வார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாரை முன் சீட்டில் சாய்த்து நானே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கால் மணி நேரத்தில் ஊசி போட்டாகிவிட்டது. மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நல்ல வண்டியா ஓட்டும்மா" என்றாள். அவளுடைய தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பத்தாயிரம்.

பழைய வண்டியையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதில் இயந்திரக் குறை ஒன்றும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன் ஆலங்குளம் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் வயிற்றுவலி வரும் பிள்ளை, இப்போது கணக்கில் புலி. வண்டியைப் பார்த்துவிட்டு, "இன்ஜின் இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் டீச்சர். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ரப்பர் ஹோஸை மட்டும் மாத்தணும். ஆனா இடிச்சா என்ன ஆகும்னு கேட்டா, அதுக்கு என்கிட்ட ஸ்பேர் இல்ல" என்றான். நான் ஒரு மணி நேரம் யோசித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

ஆகவே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். எந்த ரகம்? நமக்கு வேண்டிய பாதுகாப்பு எல்லா ரகத்திலும் ஒன்றேதான் என்று முதலிலேயே பார்த்தோம். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் வசதிக்கும் பகட்டுக்கும். ஏஎம்டி விஎக்ஸ்ஐயிலிருந்துதான் கிடைக்கிறது. பின் சீட்டுக்கு ஏசி காற்று வரும் துளையும் அதில் உண்டு. பங்குனி வெயிலில் அத்தைக்கு அது வேண்டும். அதோடு நிறுத்திக்கொண்டோம். உச்ச ரகத்தில் கூரை திறக்கும் சன்ரூஃப் இருக்கிறது. பேத்திக்கு ரொம்ப ஆசை. நம் ஊர் வெயிலில் ஒன்பது மாதம் அதைத் திறக்க முடியாது, குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் திறந்தால் சீட் நனையும். வானம் பார்க்க மொட்டை மாடி இருக்கிறது.

மகன் கட்டுகிறேன் என்ற தவணையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. என் வண்டிக்கு என் பணம். எப்போது ஓட்டுவதை நிறுத்துவது என்றும் நானேதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் விதி எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலை இல்லை, அவசரம் தவிர. ஒவ்வொரு வருடமும் கண் பரிசோதனை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் சாவியை மகளிடம் கொடுத்துவிடுவேன். ஐந்து நட்சத்திரம் வண்டிக்குத்தான், ஓட்டுகிறவரின் களைப்புக்கு இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஷோரூம் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு இடத்தில் நாற்பதாயிரத்துக்கு அலங்காரச் சாமான்கள் கட்டாயம் என்பது போலப் பேசினார்கள். கட்டாயமில்லை. விலைப்பட்டியலை வரி வரியாக எழுதி வாங்குங்கள், வாயால் சொல்வது கணக்கில் வராது. இன்சூரன்ஸ் அங்கேயே எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வெளியே இரண்டு கம்பெனியில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். பழைய வண்டிக்கு ஐந்து வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்திருந்தால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும். அது வண்டிக்குச் சேர்ந்ததல்ல, உங்களுக்குச் சேர்ந்தது. விற்கும்போது பழைய கம்பெனியில் கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான் குறையும், ஆனாலும் ஆயிரக்கணக்கில் வரும். பழைய வண்டியை யாருக்குக் கொடுத்தாலும் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியதை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை விடாதீர்கள்.

எல்லோரும் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. 2017க்குப் பிறகு வந்த டிசையர் வைத்திருப்பவர்கள் முகம் மாறிவிட்டது என்பதற்காக மாற்ற வேண்டாம். அதில் முன்னால் இரண்டு ஏர்பேக்காவது இருக்கிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் அவசரமில்லை. குடும்பத்தோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர், ஏர்பேக் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர், மருத்துவப் பணத்தைத் தொடாமல் வாங்க முடிகிறவர், இந்த மூன்றும் பொருந்தினால் இந்த வண்டி அதன் விலைக்குத் தகும் என்பது என் தீர்ப்பு. ஒன்று குறைந்தாலும் இன்னொரு தடவை கணக்குப் போடுங்கள். பெற்றோருக்காக வாங்கும் பிள்ளைகள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஓட்டப்போவது அவர்கள்.

பதிவு செய்தாகிவிட்டது. வெள்ளை நிறம், பங்குனியில் வரும் என்றிருக்கிறார்கள். குற்றாலம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், ஒரு சுற்று கூட்டிப்போகிறேன். முன் சீட்டோ பின் சீட்டோ, பெல்ட் போட்ட பிறகுதான் வண்டி நகரும். அத்தையிடமும் சொல்லியாகிவிட்டது.